சந்தாப் புத்தகம்

வால்பரைசோவில் தீயணைக்க ஆசைப்பட்டால்
மாதம் ஆறாயிரம் பெசோ கட்ட வேண்டும்.
வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டதும்
தங்கள் காதைச் சந்தேகப்படுகிறார்கள்.
சம்பளம் இல்லையா?
இல்லை. சந்தா உண்டு.
வசூலிப்பவன் நான்தான்.

பகலில் துறைமுகத்தில் கன்டெய்னர்களுக்குக் கணக்கு எழுதுகிறேன்,
இரவில் எங்கள் கம்பெனிக்கு.
இரண்டுக்கும் ஒரே பேனா.

செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் சண்டை
எப்போதும் ஒரே இடத்தில்தான் தொடங்கும்.
"ஒரு தடவை சம்பளம் கேட்டுத்தான் பார்ப்போமே" என்பான் நிபால்தோ.
ரொட்டிக் கடைக்காரன், புருவத்தில் எப்போதும் மாவு.
"சம்பளம் வந்தால் மேலதிகாரி வருவான்,
அவன் பின்னாலேயே விடுப்பு விண்ணப்பம் வரும்.
நெருப்பு விண்ணப்பம் போட்டுவிட்டா வருகிறது?" என்பார்
கேப்டன் எலியோதோரோ.
என் கருத்தை யாரும் கேட்பதில்லை.
பொருளாளருக்குக் கருத்து கிடையாது,
கையிருப்பு மட்டும்தான்.

யஸ்னா மூன்று மாதம் பாக்கி.
விதி பதினொன்றில் குழப்பமே இல்லை:
மூன்று மாதம் கட்டாதவர்
தலைக்கவசத்தைத் திருப்பித் தர வேண்டும்.
அவளுக்கு ஆம்புலன்ஸில் வேலை.
அங்கே சம்பளம் உண்டு,
ஒப்பந்தக்காரன் மார்ச்சிலிருந்து கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.
பன்னிரண்டு மணி நேரம்
முன்பின் தெரியாதவர்களின் மார்பை அழுத்திவிட்டு,
வியாழன்தோறும் கட்டிலிலிருந்து விழுந்து
கால்பந்து பேச ஆள் வரவழைக்கும் ஓரேகோவைத்
தூக்கி உட்கார வைத்துவிட்டு,
இங்கே வந்து குழாய் சுருட்டுவாள்.

எழுந்து நின்று வாசித்தேன்.
பெயர், தொகை, விதி எண்.
யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.
அவள் ஆணியிலிருந்து கவசத்தை எடுத்து
மேசையில் என் முன்னால் வைத்தாள்.
உள்ளே ஒரு தலைமுடி ரப்பர் பேண்ட்,
பாதி தின்ற சாக்லேட்.
நான் பேரேட்டில் 'நீக்கம்' என்று எழுதி முடிக்கவும்
சங்கு ஊதவும் சரியாக இருந்தது.

எல்லோரும் படியில் உருண்டு ஓடினார்கள்.
அவள் மட்டும் ஓடவில்லை.
கேப்டனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.
"பொருளாளரே?"

"மை இன்னும் காயவில்லை" என்றேன்.

மலைமேல், வண்டி ஏறாத சந்தில்,
இருநூற்றுச் சொச்சம் படிகள்.
தெருக்குழாயைத் திறந்தால் இருமியது, தண்ணீர் வரவில்லை.
கடல் காற்று தகரக் கூரைகளைத் தட்டித் தட்டிப் பார்த்தது.
கீழிருந்து தோளில் குழாய் இழுத்தோம்;
எனக்கு முன்னால் ஏறியது
காலணியில் வலது கயிறு அவிழ்ந்த ஒருத்தி.
இரண்டு வீடு போயிற்று. மூன்றாவது நின்றது.
காப்பாற்றிய பொருள்களின் பட்டியல் நான்தான் எழுதினேன்:
துணி துவைக்கும் இயந்திரம் ஒன்று,
கல்யாண ஆல்பம் பாதி,
கடிக்கிற நாய் ஒன்று.
நிபால்தோவின் மணிக்கட்டில் கட்டுப் போட்டது அது கடித்ததற்குத்தான்,
தீக்காயத்துக்கு அல்ல.

நாலு மணிக்கு அவன் அப்படியே ரொட்டிக் கடைக்குப் போனான்.
இந்த நெருப்பிலிருந்து அந்த நெருப்புக்கு.
அங்கே சம்பளம் கொடுக்கிறார்கள்.

அடுத்த செவ்வாய் யஸ்னா வந்தாள்.
பதினெட்டாயிரம், பெரும்பாலும் சில்லறை.
"இப்போது அவசரமில்லை" என்றேன்.
"ரசீது" என்றாள்.

எங்கள் ரசீதுப் புத்தகம் கடையில் வாங்கியது.
'அளிக்கப்பட்ட பொருள் அல்லது சேவை' என்று
அச்சிட்ட ஒரு கட்டம் இருக்கிறது அதில்.
பதினான்கு வருடமாக அங்கே
என்ன எழுதுவதென்று தெரியாமல்
ஒரு கோடு போட்டுவிடுவேன்.
அன்றைக்கும் கோடுதான்.

அவள் தொகை சரியா என்று பார்த்தாள்,
மடித்துக் கவசத்துக்குள் செருகினாள்,
சாக்லேட்டுக்குப் பக்கத்தில்.